பியூட்டேனைத் திருகிப் பார்த்தால்

பியூட்டேனைக் கரும்பலகையில் வரைய மூன்று கோடுகள் போதும். நான்கு கார்பன் அணுக்களை நெளிந்து செல்லும் ஒரு கோட்டில் நிறுத்திவிட்டால், பி.எஸ்ஸி. முதலாண்டு மாணவருக்கு அதுதான் பியூட்டேன். நம் வீட்டுச் சமையல் எரிவாயு உருளைக்குள் புரொப்பேனோடு சேர்ந்து அடைபட்டிருப்பதும் அதுவே. ஆனால் உருளைக்குள் இருக்கும் பியூட்டேன் கரும்பலகைப் படத்தைப் போல ஒரே நிலையில் நிற்பதில்லை. நடுவிலுள்ள கார்பன்-கார்பன் பிணைப்பை அச்சாகக் கொண்டு அதன் இரு பாதிகளும் ஓயாமல் திரும்பிக்கொண்டிருக்கின்றன.

திரும்புவதற்கு ஆற்றல் வேண்டும். இரு முனைகளிலும் உள்ள மெத்தில் தொகுதிகள் ஒன்றுக்கொன்று நேர் எதிர்த்திசையில், அதாவது 180 பாகையில், இருக்கும்போது மூலக்கூறின் ஆற்றல் மிகக் குறைவு. 60 பாகைக்குத் திருகினால் ஒரு மோலுக்குச் சுமார் 3.8 கிலோஜூல் கூடும். இடையில் 120 பாகையில் ஒரு மேடு இருக்கிறது; அதன் உயரம் 15 கிலோஜூலை ஒட்டியது. இரண்டு மெத்தில்களும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் 0 பாகையில் ஆற்றல் 20 கிலோஜூலையும் தாண்டிவிடும். பாடநூல்களில் ‘வச அமைப்புகள்’ என்ற தலைப்பின் கீழ் இந்த மேடு பள்ள வரைபடம் தவறாமல் இருக்கும். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்வில் வரைந்துவிடுகிறார்கள். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று ஒருவர் எழுந்து கேட்டால், கரும்பலகையையும் சுண்ணக்கட்டியையும் வைத்துக்கொண்டு பதில் சொல்வது கடினம்.

கணினி இருந்தால் சொல்லிவிடலாம். இன்னும் நல்ல வழி, கேட்டவரையே கண்டுபிடிக்கச் செய்வது. இரு மெத்தில்களுக்கிடையிலான திருகு கோணத்தை, அதாவது இருமுகக் கோணத்தை, 0 பாகையில் பூட்டிவிட்டு, மற்ற பிணைப்பு நீளங்களும் கோணங்களும் தமக்கு வசதியான இடத்துக்கு நகர அனுமதித்து, ஆற்றலைக் கணக்கிட வேண்டும். பிறகு 30, 60 என்று 180 வரை. மொத்தம் ஏழு கணக்குகள். மூலக்கூறின் சமச்சீர்மையால் மறுபாதியைத் தனியாகக் கணக்கிடத் தேவையில்லை. எளிய குவாண்டம் முறை ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சாதாரண மடிக்கணினியிலேயே ஒரு செய்முறை வகுப்புக்குள் ஏழும் முடிந்துவிடும். கிடைத்த புள்ளிகளை மாணவர் தன் கையால் வரைபடத் தாளில் குறித்து இணைக்கும்போது, பாடநூலில் இருந்த அதே வளைகோடு எழுந்து வரும்.

அந்தச் செய்முறையில் ஒவ்வோர் ஆசிரியரும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய ஒரு கட்டம் உண்டு. மென்பொருள் ஆற்றலைக் கிலோஜூலில் தராது. ஹார்ட்ரீ என்னும் அலகில் தரும். ஒரு ஹார்ட்ரீ என்பது மோலுக்கு ஏறக்குறைய 2,625 கிலோஜூல். பியூட்டேனின் மொத்த ஆற்றல் மைனஸ் 157.3 ஹார்ட்ரீக்கு அருகில் வரும். நாம் தேடும் 3.8 கிலோஜூல் வேறுபாடோ 0.0015 ஹார்ட்ரீதான். இரண்டு தசமத் தானங்களோடு எண்ணை முடித்துக்கொள்ளும் பழக்கமுள்ள மாணவருக்கு 180 பாகை நிலையும் 60 பாகை நிலையும் ஒரே ஆற்றலில் இருப்பதாகத் தோன்றும். வேதியியலின் பெரும்பகுதி, மிகப் பெரிய இரண்டு எண்களுக்கு இடையிலான மிகச் சிறிய வேறுபாட்டில்தான் நடக்கிறது. இதை வகுப்பில் பலமுறை சொல்லியும் பதியாதது, தானே இழந்த தசமத் தானங்களைத் திரும்பித் தேடிப் போகும்போது பதிந்துவிடும்.

அடுத்த படி இன்னும் சுவையானது. அறை வெப்பநிலையில் எத்தனை விழுக்காடு மூலக்கூறுகள் எந்த நிலையில் இருக்கும்? போல்ட்ஸ்மன் சமன்பாட்டில் 3.8 கிலோஜூலைப் போட்டால் 60 பாகை நிலைக்குக் கிடைக்கும் பங்கு, 180 பாகை நிலைக்குக் கிடைப்பதில் சுமார் ஐந்தில் ஒன்று. ஆனால் 60 பாகை நிலை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு உண்டு. இரண்டையும் எண்ணினால் நூற்றுக்கு எழுபது மூலக்கூறுகள் நீண்டும், முப்பது மூலக்கூறுகள் மடங்கியும் இருக்கும் என்று விடை வரும். அந்த இரண்டால் பெருக்குவதை மறந்துவிடுவது எளிது. வெப்ப இயக்கவியல் வகுப்பில் வெறும் எழுத்தாக இருந்த என்ட்ரோப்பி இங்கே எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றாகிறது.

பியூட்டேனைப் பற்றி இவ்வளவு நீளமாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கணினிவழி மூலக்கூறு மாதிரியாக்கம் என்றதும் பலரின் கண்முன் வருவது திரையில் வண்ண வண்ணமாகச் சுழலும் உருண்டைகள். கல்லூரிகளில் அதைக் கற்பிக்கத் தொடங்கும்போதும் முதலில் காட்டுவது அதைத்தான். இந்தப் பாடத்தின் உள்ளடக்கம் ஆற்றல் என்பது என் உறுதியான கருத்து. உருண்டைகள் அந்த ஆற்றல் கணக்கின் விடையைக் கண்ணுக்குக் காட்டும் ஒரு வழி மட்டுமே. படத்தைக் காட்டிவிட்டு ஆற்றலை விட்டுவிடும் வகுப்பு, மாணவரிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறது.

பொம்மை என்ற சொல்லை இழிவாகச் சொல்லவில்லை. வேதியியல் தன் வரலாற்றில் பொம்மைகளைக் கொண்டு நிறையச் சாதித்திருக்கிறது. 1865இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன் ஆற்றிய உரையில், குரோக்கே விளையாட்டின் மரப்பந்துகளைக் குச்சிகளால் இணைத்து மூலக்கூறுகளை நிறுத்திக் காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், குளோரினுக்குப் பச்சை. இன்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் ஏறத்தாழ அதே நிறங்கள்தான். ஆனால் ஹாஃப்மனின் மீத்தேன் தட்டையாக இருந்தது. நான்கு வெள்ளைப் பந்துகளும் கறுப்புப் பந்தைச் சுற்றி ஒரே தளத்தில் கிடந்தன. கார்பனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கின்றன என்ற கருத்தை வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் வெளியிட்டது அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1874இல். கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய மாதிரி ஒன்று இருந்தும் அது தவறாக இருந்தது என்ற இந்தச் செய்தியை, திரையில் எதையும் காட்டுவதற்கு முன்பே மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

1890இல் ஹெர்மன் சாக்ஸே என்ற ஜெர்மானியர், வளைய ஹெக்சேன் தட்டையாக இருக்க முடியாது என்று வாதிட்டார். காகிதத்தை வெட்டி மடித்து அதன் வடிவத்தைச் செய்து பார்ப்பதற்கான வழியையும் தந்தார். அவர் சொன்னதை அன்றைய வேதியியலாளர்கள் பொருட்படுத்தவில்லை. மூன்றே ஆண்டுகளில் முப்பத்தொன்றாம் வயதில் அவர் இறந்துபோனார். நாற்காலி வடிவம் என்று நாம் இன்று படிப்பது அவர் கண்டதுதான். நார்வேயின் ஆட் ஹாசெல் எலக்ட்ரான் விளிம்பு விலகல் ஆய்வுகளால் அதை உறுதிப்படுத்தினார். வச அமைப்பு வினைகளின் போக்கையே தீர்மானிக்கிறது என்று பிரிட்டனின் டெரெக் பார்ட்டன் 1950இல் காட்டினார். இருவரும் 1969இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

காகித மடிப்பால் வந்த இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டில் சளிபிடித்துப் படுக்கையில் கிடந்த லைனஸ் பாலிங், ஒரு தாளில் புரதச் சங்கிலியை வரைந்து மடித்து மடித்துப் பார்த்து ஆல்ஃபா சுருளின் வடிவத்தை எட்டினார்.

சென்னையில் நடந்தது இவற்றிலிருந்து ஒரு படி மேலே போனது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறையை நடத்திய ஜி.என். ராமச்சந்திரன், 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜன் புரதத்துக்கு மூன்றிழைச் சுருள் அமைப்பை முன்வைத்தார். அந்த அமைப்பில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி வருகின்றன என்ற எதிர்ப்பு எழுந்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதற்கு மேல் நெருங்கினால்தானே தவறு? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவரும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் ஒரு முறையான கணக்கில் இறங்கினார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய கோணங்கள் இரண்டு: ஃபை, சை. இரண்டையும் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் எந்த இரண்டு அணுக்களாவது மோதுகின்றனவா என்று மேசைக் கணிப்பானைக் கொண்டு சரிபார்த்தார்கள். மோதாத இடங்களை மட்டும் ஒரு கட்டத்தில் நிழலிட்டபோது அனுமதிக்கப்பட்ட சிறு தீவுகள் சில தெரிந்தன. 1963இல் வெளிவந்த அந்த ராமச்சந்திரன் வரைபடத்தைக் கொண்டுதான் இன்றும் உலகெங்கும் புதிதாகத் தீர்மானிக்கப்படும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கிறார்கள்.

இதைத் தமிழ்நாட்டுப் பெருமைக்காக மட்டும் இங்கே எழுதவில்லை. கணினி மாதிரியாக்கத்தின் முழு முறையும் அதற்குள் இருக்கிறது. எதைச் சுழற்றலாம், எதை அசையாமல் வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அணுக்களைக் கடினமான உருண்டைகளாகக் கருதலாம் என்று ஓர் எளிமையாக்கத்தை வெளிப்படையாக ஏற்றார்கள். பிறகு சாத்தியமான எல்லா நிலைகளையும் சலித்தார்கள். விடையை அப்போது கிடைத்த படிக அமைப்புகளோடு ஒப்பிட்டார்கள். மாணவர் இன்று அலனினின் சிறு மாதிரி ஒன்றை எடுத்து அந்த இரண்டு கோணங்களையும் சுழற்றி, தன் வரைபடத்தைத் தானே உருவாக்கலாம். கடின உருண்டை என்ற தோராயத்திலேயே இவ்வளவு தெரிந்தது எப்படி என்ற வியப்பு அவருக்கு வர வேண்டும்.

அந்த எளிமையாக்கத்தை மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டு போன கதைதான் மீதி. முதல் திருத்தம், அணுக்களை உருண்டைகளாகவும் பிணைப்புகளை வில்சுருள்களாகவும் கொள்வது. பிணைப்பை இழுத்தால் ஹூக் விதிப்படி ஆற்றல் கூடும். கோணத்தை வளைத்தாலும் கூடும். திருகினால் ஓர் அலை வடிவத்தில் ஏறி இறங்கும். பிணைக்கப்படாத அணுக்கள் தொலைவில் மெல்ல ஈர்த்து, நெருங்கினால் பலமாகத் தள்ளும். இவற்றின் கூட்டுத்தொகைக்கு விசைப்புலம் என்று பெயர். 1946இல் அமெரிக்காவின் ஃபிராங்க் வெஸ்ட்ஹைமர் இருஃபீனைல் சேர்மங்களுக்கு இவ்வகைக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்த்தார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நார்மன் அலிஞ்ஜர் 1977இல் வெளியிட்ட எம்.எம்.2 விசைப்புலம் கரிம வேதியியலாளர்களின் அன்றாடக் கருவியானது. இந்த முறையில் எலக்ட்ரான் என்ற ஒன்று கிடையாது. அதனால் ஒரு பிணைப்பு உடைவதையோ புதிதாகப் பிறப்பதையோ சாதாரண விசைப்புலம் காட்டாது. நொதிக்குள் நடக்கும் வினையைக் கணக்கிட, வினை நடக்கும் சிறு இடத்துக்குக் குவாண்டம் முறையும் சுற்றியுள்ள பெரும் புரதத்துக்கு விசைப்புலமும் என்று கலந்து பயன்படுத்தும் வழியை வகுத்த கார்ப்ளஸ், லெவிட், வார்ஷெல் மூவருக்கும் 2013இல் நோபல் கிடைத்தது.

இரண்டாவது வழி எலக்ட்ரான்களையே கணக்கிடுவது. வேதியியலுக்கு வேண்டிய அடிப்படை விதிகள் முழுவதும் தெரிந்துவிட்டன, சமன்பாடுகளைத் தீர்ப்பதுதான் இயலாத அளவுக்குச் சிக்கல் என்ற பொருளில் பால் டிராக் 1929இலேயே எழுதிவிட்டார். தோராயமான தீர்வுகளைத் திட்டமிட்டு வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஜான் போப்பிள். அவர் குழுவின் காஸியன் நிரல் 1970இல் வெளிவந்தது. எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றையும் தொடராமல் அவற்றின் மொத்த அடர்த்தியிலிருந்தே ஆற்றலைப் பெறலாம் என்ற கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட வால்டர் கோனும் போப்பிளும் 1998இல் நோபலைப் பகிர்ந்தார்கள்.

மாணவருக்கு இங்கே கணித விவரங்களைவிட விலைப்பட்டியல் முக்கியம். ஹார்ட்ரீ-ஃபாக் என்ற அடிப்படை முறையில், மூலக்கூறு இரண்டு மடங்கு பெரிதானால் கணக்கின் சுமை கோட்பாட்டளவில் பதினாறு மடங்காகும். மிகத் துல்லியமானது என்று மதிக்கப்படும் இணைத்த கொத்து முறையில் அது 128 மடங்கு. எந்தக் கேள்விக்கு எவ்வளவு துல்லியம் போதும் என்று யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் பெரிய முறையைக் கேட்கிற மாணவரின் கணக்கு, வகுப்பு முடிந்து கதவைப் பூட்டும்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி, வகுப்பறையில் எதிர்பாராமல் நிகழ்வதுபோல ஆசிரியர் திட்டமிட்டுச் செய்ய வேண்டிய ஒரு காரியத்துக்கு வருகிறேன். மாணவர்களிடம் வளைய ஹெக்சேனை வரையச் சொல்லுங்கள். சிலர் ஆறு கார்பன்களையும் ஒழுங்கான தட்டையான அறுகோணமாக, முழுச் சமச்சீர்மையோடு அமைப்பார்கள். ‘உகப்பாக்கு’ என்று கட்டளையிட்டால் கணினி பிணைப்பு நீளங்களைச் சிறிது திருத்திவிட்டு, வேலை முடிந்தது என்று அறிவித்துவிடும். வளையம் தட்டையாகவே இருக்கும். வேறு சிலர் படகு வடிவத்தில் தொடங்குவார்கள். அவர்களுக்குச் சற்றே முறுக்கிய படகு கிடைக்கும். அதன் ஆற்றல் நாற்காலியைவிட 23 கிலோஜூல் அளவுக்குக் கூடுதல். நாற்காலியில் தொடங்கியவர்களுக்கு மட்டும் நாற்காலி. ஒரே மூலக்கூறு, ஒரே முறை, ஒரே கட்டளை, மூன்று விடைகள்.

மலையில் பெய்யும் மழைநீர் பக்கத்தில் உள்ள பள்ளத்தில் தேங்கிவிடுகிறது. அதைவிட ஆழமான பள்ளம் அடுத்த முகட்டுக்கு அப்பால் இருந்தாலும் ஏறிக் கடந்து போவதில்லை. உகப்பாக்கக் கணக்கும் அவ்வாறே சரிவில் இறங்க மட்டும் தெரிந்தது. முறுக்குப் படகு ஒரு பள்ளம்; அதில் நின்றுவிட்டது. தட்டை வடிவமோ பள்ளம்கூட இல்லை. அது ஒரு முகட்டின் உச்சி. சமச்சீர்மையால் எந்தத் திசையிலும் சாய்வு இல்லாத இடத்தில் தொடங்கியதால், இறங்க வேண்டும் என்ற குறிப்பே கணினிக்குக் கிடைக்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதிர்வெண்களைக் கணக்கிடச் சொன்னால், உண்மையான பள்ளத்தில் எல்லா அதிர்வெண்களும் நேர்மறையாக வரும். தட்டை வளையத்தில் சில அதிர்வெண்கள் கற்பனை எண்களாக வரும். மென்பொருள்கள் அவற்றை மைனஸ் குறியோடு அச்சிடும். அந்த மைனஸ் அதிர்வுகளுள் ஒன்றை அசைத்துப் பார்த்தால் வளையம் நாற்காலியை நோக்கி மடங்குவது திரையில் தெரியும். மாணவர் அந்தத் திசையில் ஒரு சிறு தள்ளு தள்ளிவிட்டு மறுபடி உகப்பாக்கினால் போதும். பின்னால் வினைகளின் இடைநிலை அமைப்புகளைத் தேடும்போது, ஒரே ஒரு மைனஸ் அதிர்வெண் இருப்பதுதான் தேடிய முகட்டைத் தொட்டதற்கு அடையாளம் என்பதும் அவருக்குத் தானாகவே விளங்கும்.

கணினி தவறும் இடங்களை ஒளித்துவைக்காமல் பாடத்திட்டத்திலேயே வைக்க வேண்டும். நீர் மூலக்கூறை ஹார்ட்ரீ-ஃபாக் முறையில், நடுத்தர அளவுள்ள பேசிஸ் செட்டோடு (ஆர்பிட்டால்களைக் கட்டியெழுப்பப் பயன்படும் சார்புகளின் தொகுப்பு அது) கணக்கிட்டால் பிணைப்புக் கோணம் 105.5 பாகை வரும், உண்மையில் 104.5. நல்ல பொருத்தம். அதே கணக்கில் அதிர்வுகளைப் பார்த்தால் அலைஎண்கள் 1827, 4070, 4188 என்று வரும். ஆய்வகத்தில் அளந்தவை 1595, 3657, 3756. எல்லாமே பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதல், அதுவும் எல்லாமே ஒரே பக்கமாக. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று நொடிக்கு நொடி விலகி நடப்பதை இந்த முறை சராசரியாக மட்டுமே கணக்கில் கொள்கிறது. பிணைப்பை ஒழுங்கான வில்சுருளாகக் கருதும் தோராயமும் சேர்ந்துகொள்கிறது. பிழை ஒழுங்கானது என்பதால் சுமார் 0.89 என்ற எண்ணால் பெருக்கித் திருத்திக்கொள்வது வழக்கம். அந்தத் திருத்த எண்ணை மாணவரே பல மூலக்கூறுகளைக் கணக்கிட்டுக் கண்டடைய விட்டால், புத்தகத்தில் படிப்பதைவிட நன்றாக நிற்கும்.

அதைவிட அதிர்ச்சி தருவது ஃப்ளூரின். இரண்டு ஃப்ளூரின் அணுக்களின் ஆற்றலைத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுங்கள்; பிறகு ஃப்ளூரின் மூலக்கூறின் ஆற்றலைக் கணக்கிடுங்கள். ஹார்ட்ரீ-ஃபாக் முறைப்படி மூலக்கூறின் ஆற்றல்தான் கூடுதலாக வரும். அதாவது அந்த வாயு இருக்கவே கூடாது என்று கணினி சொல்கிறது. பேசிஸ் செட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் விடை மாறாது. பிழை கணக்கின் அளவில் இல்லை, முறையின் அடித்தளத்தில் இருக்கிறது. எலக்ட்ரான்களின் பரஸ்பர விலகலைக் கணக்கில் எடுக்கும் முறைக்கு மாறினால் மட்டுமே ஃப்ளூரின் பிழைக்கும். ‘கணினியே சொல்லிவிட்டது’ என்று எழுதுகிற கையை இந்த ஒரு பயிற்சி நிறுத்தி யோசிக்க வைக்கும்.

படங்களிலும் பொறிகள் உண்டு. திரையில் இரு அணுக்களுக்கிடையே குச்சி தெரிந்தால் பிணைப்பு இருக்கிறது என்றும், மறைந்தால் உடைந்துவிட்டது என்றும் மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆயத்தொலைவுகள் மட்டும் உள்ள கோப்பைத் திறக்கும்போது, இரண்டு அணுக்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து ஒரு வரம்புக்குள் இருந்தால் மென்பொருளே குச்சியைப் போட்டுவிடுகிறது. குவாண்டம் கணக்குக்கும் அந்தக் குச்சிக்கும் தொடர்பே இல்லை. நிறங்கள் இன்னும் குழப்பம். ஆர்பிட்டால் படத்தில் சிவப்பும் நீலமும் அலைச் சார்பின் நேர், எதிர்க் குறிகள். நிலைமின் அழுத்தப் படத்திலோ சிவப்பு என்பது எலக்ட்ரான் செறிந்த பகுதி, நீலம் எலக்ட்ரான் குறைந்த பகுதி. இரண்டு படங்களையும் ஒரே நாளில் பார்க்கும் மாணவர், ஆர்பிட்டாலின் ஒரு மடலில் எதிர் மின்னூட்டமும் மறு மடலில் நேர் மின்னூட்டமும் இருப்பதாக எழுதினால் குற்றம் அவருடையதல்ல.

வேதியியலைக் கற்பது ஏன் கடினம் என்று ஆராய்ந்த ஸ்காட்லாந்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன், கண்ணால் காணும் பொருள், காண முடியாத துகள், காகிதத்தில் எழுதும் குறியீடு என்ற மூன்று தளங்களுக்கிடையே ஆசிரியர் சுலபமாகத் தாவுகிறார், மாணவரால் அப்படித் தாவ முடிவதில்லை என்று விளக்கினார். கணினி மாதிரி இரண்டாவது தளத்தைக் காட்டுவதாகத் தோன்றும். ஆனால் அதுவும் மூன்றாவது தளத்தில் இன்னொரு குறியீடுதான். அதனால் கணினிப் பயிற்சி ஒவ்வொன்றையும் முதல் தளத்தோடு, அதாவது ஆய்வக மேசையில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளோடு, கட்டிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் மாணவர்கள் எல்லோரும் அறிந்த ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். ஃபீனாலை நைட்ரோ ஏற்றம் செய்தால் ஆர்த்தோ, பாரா என இரண்டு நைட்ரோஃபீனால்கள் கிடைக்கும். நீராவியால் காய்ச்சி வடித்தால் ஆர்த்தோ மட்டும் ஆவியோடு போய்விடும். ஆர்த்தோவின் உருகுநிலை 45 டிகிரி செல்சியஸ், பாராவினுடையது 114. காரணம் மூலக்கூறுக்குள்ளேயே அமையும் ஹைட்ரஜன் பிணைப்பு என்று எல்லோரும் எழுதுவார்கள். அதைச் சோதிக்க, ஆர்த்தோ சேர்மத்தில் ஹைட்ராக்சில் ஹைட்ரஜனை நைட்ரோ தொகுதியை நோக்கி ஒருமுறையும், எதிர்ப்பக்கம் திருப்பி ஒருமுறையும் ஆற்றல் கணக்கிடட்டும். பாராவிலும் அதே திருப்பத்தைச் செய்யட்டும். அங்கே ஆற்றல் ஏறக்குறைய அசையாது. ஆர்த்தோவில் அது கணிசமாக ஏறும். பிறகு அகச்சிவப்பு நிறமாலையில் அந்த ஹைட்ராக்சில் அதிர்வு எங்கே வரும் என்று இரண்டுக்கும் கணிக்கட்டும், கருவியில் எடுத்த நிறமாலையோடு வைத்துப் பார்க்கட்டும். கணக்கு தனியாக வெற்றிடத்தில் நிற்கும் ஒரு மூலக்கூறுக்கு. ஆய்வகத்தில் இருப்பதோ அண்டையில் ஆயிரம் மூலக்கூறுகளோடு நெருங்கிக் கிடக்கும் திண்மம். பாராவின் உயர்ந்த உருகுநிலைக்குக் காரணமான அண்டை மூலக்கூறுப் பிணைப்புகள் இந்தக் கணக்கில் வரவே வராது என்பதை மாணவரே சுட்டிக்காட்ட வேண்டும்.

கணக்கைத் தொடங்கும் முன் எது கூடும், எது குறையும், ஏன் என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்ற விதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முன்கூட்டி ஒன்றைச் சொன்னவருக்குத்தான் விடை வியப்பையோ மகிழ்ச்சியையோ தரும். ஒன்றும் சொல்லாமல் பொத்தானை அழுத்தியவருக்கு எந்த விடையும் சரியாகவே தெரியும். அதை ரெக்கார்டு நோட்டில் ஒட்டிவிட்டு அடுத்த செய்முறைக்குப் போய்விடுவார்.

பந்தும் குச்சியும் உள்ள பிளாஸ்டிக் பெட்டியையும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. கையால் ஒரு கார்பனைத் திருகும்போது எத்தனை ஹைட்ரஜன்கள் இடிக்கின்றன என்று விரல்களுக்குத் தெரியும். அந்த இடிப்புக்கு எத்தனை கிலோஜூல் என்று கேட்கும்போதுதான் கணினியைத் திறக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. அவகாட்ரோ, ஜேமால் இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். அவகாட்ரோவில் சுட்டியால் ஓர் அணுவைப் பிடித்து இழுத்துவிட்டால், விசைப்புலம் உடனே மூலக்கூறைத் திரும்ப ஒழுங்குபடுத்துவதைக் கண்ணால் பார்க்கலாம். குவாண்டம் கணக்குகளுக்குப் பிஎஸ்ஐ4 திறந்த மூலமாகக் கிடைக்கிறது. ஜெர்மனியில் உருவான ஆர்கா கல்விப் பயன்பாட்டுக்கு விலையின்றிக் கிடைக்கிறது. ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் இந்த வகை மென்பொருள்களுக்கான பயிற்சிப் பாடங்கள் உள்ளன. ஐந்தாறு ஆண்டு பழைய கணினிகளே இளநிலைப் பயிற்சிகளுக்குப் போதும். குறைவாக இருப்பது ஆசிரியரின் நேரம். ஒரு நல்ல பயிற்சியைத் தயாரிக்க, அதில் மாணவர் எங்கெங்கே தடுக்கி விழுவார் என்று முன்பே நடந்து பார்க்க வேண்டும். அதற்கான நேரத்தைப் பணிச்சுமையில் சேர்த்துத் தரும் கல்லூரியில்தான் இந்தப் பாடம் உயிரோடு இருக்கும்.

தேர்வும் மாற வேண்டும். எந்த மெனுவில் எந்தக் கட்டளை என்று கேட்கும் வினாத்தாள், அடுத்த பதிப்பு வந்ததும் பயனற்றுப் போகும். அதற்குப் பதிலாக, அச்சிட்ட கணக்கு முடிவுகள் நான்கைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் நம்பலாமா என்று கேட்கலாம். முதலாவதில் ஒரு மைனஸ் அதிர்வெண் நடுவில் இருக்கட்டும். இரண்டாவதில் இரு மாற்றியங்களின் ஆற்றலை வெவ்வேறு முறைகளில் கணக்கிட்டு ஒப்பிட்டிருக்கட்டும். ஒரே முறை, ஒரே பேசிஸ் செட், ஒரே எண்ணிக்கையில் அதே அணுக்கள் என்றால்தான் ஆற்றல்களை ஒப்பிடலாம் என்பது தெரிந்தவருக்கு அது உடனே கண்ணில் படும். மூன்றாவதில் அசிட்டேட் அயனியின் மின்னூட்டத்தைப் பூஜ்ஜியம் என்று கொடுத்திருக்கட்டும். நான்காவதில் ஒரு பிழையும் வேண்டாம். அது ஏன் நம்பத்தக்கது என்று, எந்த எண்களைச் சரிபார்த்தேன் என்பதையும் சேர்த்து, அரைப் பக்கம் எழுதச் சொல்ல வேண்டும். அந்த அரைப் பக்கத்துக்கு மற்ற மூன்றையும்விட அதிக மதிப்பெண் வைப்பேன்.